காலிசியமா, லிதுவேனியமா? நான் சொன்ன தீர்ப்பு

காலிசிய மொழியையும் லிதுவேனிய மொழியையும் ஒப்பிட்டு எட்டு வருஷம் குறிப்பு எழுதிய ஒரே ஆள் எங்கள் மாவட்டத்தில் நான்தான். இதைத் தைரியமாகச் சொல்லலாம், போட்டிக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பேச ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

எண்பதுகளின் நடுவில் இது ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்பும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது என்று எழுதுவது என் தொழில். உலகத்தின் காயங்களுக்கெல்லாம் நான் துணி அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று அந்த வயதில் டைரியில் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் அந்த டைரிக்கே கட்டுப் போட வேண்டும் போல் இருக்கிறது.

ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பேனா நண்பர்கள் முகவரி வரும். ஒன்பது பேருக்கு எழுதினேன். ஏழு பேர் நல்ல புத்தி உள்ளவர்கள். பதில் எழுதிய இருவரில் ஒருவர் ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் ஒரு துறைமுக ஊரில் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் அப்போது சோவியத் நாட்டுக்குள் இருந்த லிதுவேனியாவில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்த பெண்மணி.

நான் படித்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை ஸ்பானிஷ் வணக்கத்தோடு தொடங்கினேன். அம்மையாருக்கு ருஷ்ய வணக்கம். இரண்டையும் நூலகத்தில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவானது. பதில்கள் சில வார இடைவெளியில் வந்தன. ஆசிரியர் மிகவும் மரியாதையாக, தம் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் அல்ல, காலிசியம் என்று எழுதியிருந்தார். அம்மையாரின் கடிதம் வழியில் யாரோ பிரித்துப் படித்து மறுபடி ஒட்டியதாக இருந்தது. அப்படி நடக்கும் என்று தெரிந்ததாலோ என்னவோ, அவர் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. லிதுவேனிய மொழியில் வணக்கம் எப்படிச் சொல்வது என்று மட்டும் இரண்டு முறை எழுதி, இரண்டையும் அடிக்கோடிட்டிருந்தார்.

வடக்கே போனால் நம்மை ஒட்டுமொத்தமாக மதராசி என்கிறார்கள் என்று பஸ்ஸில் பொருமுகிற ஆள் நான். அதே காரியத்தைச் சிரமப்பட்டு, நூலகம் போய், அகராதி பார்த்து, இரண்டு பேருக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தில்தான் இரண்டு மொழியையும் தெரிந்துகொள்வது என்று தீர்மானித்தேன். வேறு யாராக இருந்தாலும் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முடித்திருப்பார்கள்.

ஆசிரியர் ஒரு காலிசிய இலக்கணப் புத்தகம் அனுப்பினார். அது ஸ்பானிஷில் எழுதப்பட்டிருந்தது. அம்மையார் லிதுவேனியப் பாடநூல் அனுப்பினார். அது ருஷ்ய மொழியில் இருந்தது. ஒன்றின் வாசலில் நுழைய இன்னொன்றின் சாவி வேண்டும், அந்தச் சாவி எந்த ஊரில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள மூன்று வாரம் ஆன நாட்கள் உண்டு. புரிந்த பிறகு பார்த்தால் அது பதிப்புரையாக இருக்கும்.

ஒரு நீள நோட்டில் பக்கத்துக்கு இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தியாக்கினேன். இடது பத்தியில் காலிசியம், வலது பத்தியில் லிதுவேனியம். இரண்டும் அகலமானவை, புத்தகத்திலும் கடிதத்திலும் கிடைத்த செய்திகளை எழுத. நடுப்பத்தி குறுகலானது. அதில் நானாக யோசித்ததை எழுதினேன். குறுகலாக வைத்ததற்குக் காரணம், அதிகம் யோசிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

இடது பத்தி சொன்னது: லத்தீனின் பிள்ளை, போர்த்துக்கீசியத்தின் உடன்பிறப்பு. ஒரு காலத்தில் அண்டை நாட்டு அரசரே பாட்டுக் கட்டிய மொழி. பிறகு சில நூற்றாண்டுகள் எழுத்தில் ஏறக்குறைய காணாமல் போய், வயலிலும் மீன்பிடிப் படகிலும் மட்டும் இருந்தது. வலது பத்தி சொன்னது: ஐரோப்பாவில் இன்று பேசப்படுபவற்றில் மிகப் பழைய வடிவங்களை விடாமல் வைத்திருக்கும் மொழிகளில் ஒன்று, சமஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் அந்த ஊர்ப் பிரபுக்களே அதைக் குடியானவன் பேச்சென்று ஒதுக்கிவிட்டுப் போலிஷ் பேசினார்கள். பிறகு ஜார் மன்னர் அதன் எழுத்தில் புத்தகம் அச்சடிக்கக் கூடாதென்று நாற்பது வருஷம் தடை போட்டார். ஜனங்கள் எல்லைக்கு அப்பால் அச்சடித்து மூட்டையில் மறைத்துக் கொண்டுவந்து படித்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே என்ன எழுதுவது என்று வெகுநாள் தெரியவில்லை. என் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கம்பெனியில் தமிழ். கடிதம் ஆங்கிலம். ஒருநாள் நூல் வியாபாரி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, முதலாளி தம் தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். தம்பி மகன், கான்வென்டில் படிப்பவன், பக்கத்தில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னான். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வியாபாரியிடம் திரும்பி, பய தெலுங்கே பேச மாட்டேங்கான் என்று பெருமையாகச் சொன்னார். அன்று சாயங்காலம் நடுப்பத்தியில் எழுதினேன்: ஒரு மொழி பழசாக இருப்பதாலோ இனிமையாக இருப்பதாலோ பிழைப்பதில்லை. பிள்ளையிடம் அதைப் பேச ஒரு வீடு வெட்கப்படாதவரை பிழைக்கிறது. ஆசிரியர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா அவரிடம் மட்டும் ஸ்பானிஷில்தான் பேசுவாராம், முன்னேற வேண்டும் என்பதற்காக. அம்மையாரின் பாட்டனார் வீட்டில் விருந்தாளி வந்தால் போலிஷ். இதை எழுதி முடித்துவிட்டு என் மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பத்தை நிரப்பினேன். அதையும் நடுப்பத்தியில் எழுதியிருக்கிறேன். நேர்மைக்குக் குறைச்சல் இல்லை.

அப்படியே வருஷங்கள் போய், நடுப்பத்தி நாற்பது பக்கத்துக்கு இறங்கிவிட்டது. என் மனைவி துணி மடிக்கும்போது அவ்வப்போது வாசித்துக் காட்டுவேன். இடது வலதெல்லாம் அவளுக்குத் தூக்கம் வரவழைத்தது. நடுவில் உள்ளதை மட்டும் கேட்பாள். "இத எங்கயாவது நாலு பேரு முன்னால வாசிங்களேன். எனக்கு மட்டும் சொல்லி என்னத்துக்கு ஆகப்போவுது?" என்றாள். அது எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு சாயங்காலம், நடுப்பத்தியை நாலு பேர் கேட்க வாசித்துவிட வேண்டும். புத்தகம் வேண்டாம், சால்வை வேண்டாம். எட்டு வருஷத்துக்கு அந்த ஒன்று போதும் என்று இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இலக்கிய வட்டம் இருந்தது. அதன் செயலாளர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார், கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷினும். தொண்ணூறுகளின் தொடக்கம். லிதுவேனியா தனி நாடாகிச் செய்தித்தாளில் எல்லாம் அடிபட்ட சமயம். இதுதான் நேரம் என்று அவரிடம் போய், முக்கால் மணி நேரச் சொற்பொழிவுக்கு இடம் கேட்டேன்.

அவர் தாளைச் சொருகிக்கொண்டே கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, சொற்பொழிவுன்னு போட்டா நாப்பது சேர்ல முப்பத்தெட்டு சும்மா கெடக்கும். மிச்ச ரெண்டுல நீங்களும் நானும் இருப்போம். பட்டிமன்றம்னு போடுங்க, நிக்க எடம் இருக்காது."

இரண்டு மொழிகளை வைத்துப் பட்டிமன்றம் எப்படி நடத்துவது என்று கேட்டேன். சந்தையில் இரண்டு எருமை இருந்தாலும் நடத்தலாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். தலைப்பு அங்கேயே தயாராகிவிட்டது: சிறப்புக்குக் காரணம் லிதுவேனியத்தின் தொன்மையா, காலிசியத்தின் இனிமையா? அணிக்கு மூன்று பேர், நடுவர் நான். அதில்தான் நான் விழுந்தேன். நடுவர் கடைசியில் கால் மணி நேரம் பேசுவார், குறுக்கே யாரும் வர மாட்டார்கள். நடுவருக்கு நடுப்பத்தி. பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

லிதுவேனிய அணிக்குத் தலைவர், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த வைஷ்ணவக் குடும்பத்தவர், ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார். சமஸ்கிருதத்துக்கு உறவு என்று கேள்விப்பட்டதும் லிதுவேனியத்தைத் தம் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் அந்தப் பக்கம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக, ராஜபாளையத்துத் தமிழாசிரியர் ஒருவர் காலிசியத்துக்காக உயிரையும் கொடுக்கத் தயாரானார். காலிசியா எங்கே இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்டது அதற்குப் பிறகு.

இருவருக்கும் குறிப்பு வேண்டும். உலகத்தில் அதற்கு இருந்த ஒரே இடம் என் நீள நோட்டு. செயலாளரிடம் கொடுத்தேன். மறுநாள் போனபோது மேஜையில் ஜெராக்ஸ் தாள்கள் குவிந்திருந்தன. அவர் கத்தரிக்கோலால் ஒவ்வொரு தாளையும் கோட்டோடு கோடாக வெட்டிக்கொண்டிருந்தார். இடது துண்டுகள் ஒரு கட்டு, தமிழாசிரியருக்கு. வலது துண்டுகள் ஒரு கட்டு, வாத்தியாருக்கு. ஓர் அணியின் குறிப்பு மற்ற அணிக்குப் போகக் கூடாதாம், போட்டி நியாயமாக இருக்காதாம். இரண்டுக்கும் நடுவே இருந்த குறுகல் துண்டுகள் நாடா நாடாவாகத் தரையில் கிடந்தன. அவை எந்தக் கட்சிக்கும் உதவாது என்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டிருக்கிறார்.

நான் வாய் திறப்பதற்குள், ஒரிஜினல் பத்திரமா இருக்கு அண்ணாச்சி, கவலப்படாதீங்க என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். கவலைப்படுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு மொழிகளை எட்டு வருஷம் ஒரே தாளில் உட்கார வைக்கப் பாடுபட்டேன். ஐந்து நிமிஷத்தில் பாகப்பிரிவினை செய்துவிட்டார் மனிதர். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனால் கால் மணி நேரம் இருக்கிறதே என்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டிமன்றத்தன்று சாயங்காலம் ஐந்தரைக்கே கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. செயலாளர் சொன்னபடி நிற்க இடம் இல்லை. பேண்டேஜ் கம்பெனியிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் என் மனைவி. நோட்டு என் மடியில். வாசிக்க வேண்டிய இடங்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன்.

வாத்தியார் ஆரம்பித்தார். லிதுவேனியத்தில் தீக்கு உக்னிஸ், நம் அக்னி. மகனுக்கு சூனுஸ், நம் ஸூனு. கடவுளுக்கு தியேவாஸ், நம் தேவன். ஒவ்வொன்றுக்கும் கை தட்டல். எல்லாம் என் வலது பத்தி, ஒரு வார்த்தை மாறாமல். பிறகு அவராகச் சேர்த்தார். "அந்தப் பாஷை பேசறவாள்லாம் ஆதியில எங்கேர்ந்து போனான்னு நெனைக்கறேள்? நான் சொல்லப்படாது. நீங்களே யூகிச்சுக்குங்கோ." கூட்டம் யூகித்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இரண்டும் ஒரே பாட்டிக்குப் பேத்திகள், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை என்று வலது பத்தியின் இரண்டாவது பக்கத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

லிதுவேனியத்துக்கு வேற்றுமை ஏழு என்று அவர் முழங்கியதும், தமிழாசிரியர் உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்து, "ஏழுதானா ஐயா? எங்களுக்கு எட்டு" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அவர் பேச வந்தது காலிசியத்துக்காக என்பது அவருக்கே மறந்துவிட்டது. பிறகு ஞாபகம் வந்து எழுந்தார். காலிசியத்தில் எதையும் செல்லமாகச் சொல்ல வேண்டுமானால் சொல்லின் கடைசியில் இன்யோ என்று சேர்ப்பார்கள். இது என் இடது பத்தி. "இன்யோ என்றால் என்ன? இனியோ! இனிய என்னும் நம் சொல்லைத் தவிர அது வேறு என்னவாக இருக்க முடியும்?" இது அவருடையது. லத்தீனிலிருந்து வந்ததென்று அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை நம் ஊரில் யாரும் படிப்பதில்லை.

ஒன்றரை மணி நேரம் இப்படிப் போனது. அடக்கப்பட்ட இரண்டு மொழிகளைப் பற்றி அந்த மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை. மறைத்துக் கடத்திய புத்தக மூட்டை வரவில்லை. பிள்ளையிடம் வேறு மொழி பேசிய அம்மா வரவில்லை. சமஸ்கிருதமும் தமிழும் முகமூடி மாட்டிக்கொண்டு பழைய சண்டையைப் போட்டு முடித்தன. ஸ்பெயினிலும் லிதுவேனியாவிலும் இருக்கும் அந்த இரண்டு நல்ல மனிதர்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் காது சூடாகிவிட்டது.

என் முறை வந்தது. நோட்டைப் பிரித்து முதல் நூலில் விரலை வைத்தேன். ஆனால் அடிவயிற்றிலிருந்து ஒரு புகார்தான் முதலில் வந்தது. "இங்க பேசின ஆறு பேருல ஒருத்தருக்குக்கூட இந்த ரெண்டு பாஷையும் தெரியாது" என்றேன். மனம் வெந்துதான் சொன்னேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எனக்குப் புரியவில்லை. "எட்டு வருஷம் எழுதுன நோட்டை இவரு கத்தரிக்கோலால வெட்டிட்டாரு" என்று செயலாளரைக் காட்டினேன். இன்னும் பெரிய சிரிப்பு. செயலாளரே எழுந்து கும்பிடு போட்டுச் சிரித்தார். அழுகையும் சரி, ஆத்திரமும் சரி, மைக்கில் ஏறினால் நகைச்சுவையாகிவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளி முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து வருஷ வேலையில் அவர் என்னை நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது சிரிப்பு வேண்டும் போலிருந்தது. அதுதான் உண்மை. வேறு காரணம் சொல்லிப் பயனில்லை.

நடுப்பத்தியில் ஓர் இடம் உண்டு. காலிசியாவில் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும் பழக்கம் இல்லை, சாப்பிட்டேன் என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள், நாமும் சாப்பிட்டாச்சா என்றால் சாப்பிட்டாச்சு என்கிறோம், இவ்வளவு தூரத்தில் இரண்டு ஊர் ஜனங்கள் ஒரே மாதிரி பதில் சொல்லிக்கொண்டு ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். எழுதிய பிறகு இரண்டு நாள் மனசு ஒரு மாதிரி இருந்தது. அதை எடுத்து இப்படிச் சொன்னேன்: "எங்க வீட்டுலயும் காலிசியம்தான். மாவு அரைச்சாச்சான்னு கேப்பாங்க. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அரைச்சாச்சுன்னு மட்டும்தான் சொல்லலாம். மத்த பதிலுக்கெல்லாம் அனுமதி கெடையாது."

சிரிப்பு மண்டபத்தின் கூரையைத் தூக்கியது. பெண்கள் பக்கம் திரும்பி என் மனைவியைத் தேடினார்கள். யாரோ காட்டியும் கொடுத்தார்கள்.

அப்புறம் என்னை நிறுத்த ஆளில்லை. லிதுவேனியாவில் கல்யாணம் ஆனால் பெண்ணுக்குப் பேரின் வால் மாறும், நம் ஊரில் ஆணுக்குக் குரலே மாறிவிடும் என்றேன். வாத்தியார், தமிழாசிரியர் எல்லோரையும் ஒரு பிடி பிடித்தேன். கால் மணி நேரம் இருபத்தைந்து நிமிஷமானது. கடைசியில் லிதுவேனியம் மூத்தது, அதற்கு மரியாதை உண்டு, ஆனால் என் வீட்டு அனுபவத்தில் ஜெயிப்பது மூத்தவர்கள் அல்ல, ஆகவே வெற்றி காலிசியத்துக்கே என்று தீர்ப்புச் சொன்னேன். எட்டு வருஷம் எதை ஒப்பிட்டேனோ அதற்கு இப்படி ஒரு முடிவைச் சொல்ல என் நாக்கு கூசவில்லை. நோட்டு மடியில் திறந்தபடியே இருந்தது. முதல் நூலைத் தாண்டி ஒரு பக்கமும் புரட்டப்படவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். எந்த மொழி ஜெயித்தது என்பதில் மட்டும் சிலருக்குச் சந்தேகம் இருந்தது.

மனைவியோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். பால்கோவாக் கடை வரிசை தாண்டியதும் கேட்டாள்.

"நடுவுல உள்ளத வாசிக்கப் போறேன்னு சொன்னீகளே?"

நேரம் இல்லை என்றேன்.

"இருந்துச்சு. என்னய வச்சுச் சிரிச்சீகளே, அம்புட்டு நேரமும் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதன் பிறகு அந்த நோட்டை நான் வாசிக்கவும் இல்லை, அவள் வாசிக்கச் சொல்லவும் இல்லை. துணி மடிப்பது மட்டும் நடந்தது.

ஆசிரியருக்கும் அம்மையாருக்கும் கடிதம் எழுதினேன். உங்கள் மொழிகளைப் பற்றிய கூட்டத்துக்கு அரங்கு நிறைந்த கூட்டம், நிற்க இடம் இல்லை, கடைசிவரை யாரும் எழுந்து போகவில்லை என்று எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இதைவிட மோசமான பொய்யை அதற்குப் பிறகு நான் சொன்னதாக நினைவில்லை.

இரண்டு வாரம் கழித்து ராஜபாளையத்தில் ஒரு மன்றத்திலிருந்து இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு விழாவில் நான் பேச வேண்டுமாம். எனக்குள் ஏதோ துள்ளியது. நீள நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, இந்தத் தடவை காலிசியத்தில் தொடங்கி முறையாக என்று ஆரம்பித்தேன். வந்தவர்களில் பெரியவர் கையை லேசாக உயர்த்தினார்.

"பாஷையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. அது எங்க ஆளுகளுக்கு ஏறாது. அந்த மாவு அரைக்கிற கதை இருக்கில்ல, வீட்டம்மா கதை, அது மட்டும் போதும். அப்படியே ஒரு முக்கா மணி நேரம்."

முக்கால் மணி நேரம். நான் கேட்ட அதே முக்கால் மணி நேரம். அடுப்படிப் பக்கம் பார்த்தேன். மனைவி காபி டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தாள். கேட்டிருக்கிறாள். டம்ளர்களை வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். பிறகு அவர்கள் போனதும் டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "என்னயப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள்.

சரி என்றேன். போனேன், அந்த மாவுக் கதையை அங்கேயும் சொன்னேன். நன்றாகத்தான் சிரித்தார்கள்.